மேனேஜரிடம் குசும்பு பண்ணலாமா?

கேள்வி: கோவைக்காரன் நான். கிண்டியில் வேலை. புராஜெக்ட் ஏன் தாமதம் என்று மீட்டிங்கில் கேட்டபோது, "டெட்லைன் எங்க சார் போயிடப் போகுது, அடுத்த வாரமும் வரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும், "ரொம்ப நக்கல்" என்றார். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஊரில் இதைக் குசும்பு என்று விட்டுவிடுவார்கள். நக்கல் அவ்வளவு பெரிய குற்றமா?
- பெயர் வேண்டாம், சென்னை-32

பதில்: படித்ததும் நானும் சிரித்துவிட்டேன். அதனால் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

குசும்பு என்று உங்கள் ஊரில் சொல்லும்போதே அதில் பாதி செல்லம். சென்னையில் அந்த இடத்தில் இருப்பது கலாய்ப்பது, ஓட்டுவது. 10 ரூபாய் டிக்கெட்டுக்கு 500 ரூபாயை நீட்டிப் பாருங்கள். "பஸ்ஸையே வாங்கிக்கிறியாப்பா?" என்பார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கும், நீட்டியவர் உட்பட. (சில்லறை கிடைக்குமா என்பது தனிக் கதை.) ஆனால் "இன்னா, நக்கலா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. எனக்குத் தலைபோகிற விஷயம் உனக்கு விளையாட்டாகிவிட்டதா என்று கேட்கிறார்.

கிண்டல் ஒன்றும் நமக்குப் புதிதில்லை. சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லும் தொல்காப்பியம், எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. இளமை, பேதைமை, மடன் எல்லாம் அதற்குப் பிறகுதான். அதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் கொண்ட பழைய உரையாசிரியர், நாம் பிறரை எள்ளிச் சிரிப்பதோடு, பிறர் நம்மை எள்ளும்போது நாம் சிரிப்பதையும் இதில் சேர்க்கிறார். இந்த இரண்டாவது சிரிப்பு மேனேஜர்களுக்கு லேசில் வராது. வள்ளுவரும் அவர்கள் பக்கம்தான்: "நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி" (995). விளையாட்டுக்கு இகழ்ந்தாலும் வலிக்கும்.

நீங்கள் டெட்லைனைத்தான் ஓட்டினீர்கள், சரி. ஆனால் அந்தத் தாமதத்துக்கு மேலிடத்தில் திட்டு வாங்கப் போவது அவர். அதுவும் பத்துப் பேர் சிரிக்கும்போது.

தனியாகப் போய்ப் பார்த்து, "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார்" என்று சொல்லுங்கள். "சும்மா தமாஷுக்குத்தான் சொன்னேன்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அதுவும் நக்கலாகத்தான் கேட்கும். முடிந்தால் அந்த வேலையை முடித்துக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள். குசும்பை விட வேண்டியதில்லை. இப்போதைக்கு டீக்கடையோடு வைத்துக்கொள்ளுங்கள்.