இரண்டு செட்டும் 6-4

கேள்வி: யு.எஸ்.டி.ஏ. (அமெரிக்க டென்னிஸ் சங்கம்) லீகில் 3.5 அணியில் ஆடுகிறேன். போன வாரம் என்னோடு சிங்கிள்ஸ் ஆடியவர் இந்த சீசனில்தான் லீகுக்கு வந்தாராம். 3.5 என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட ரேட்டிங். அவருடைய சர்வை என்னால் தொடக்கூட முடியவில்லை. ஆனால் ஸ்கோர் 6-4, 6-4 தான். ரேட்டிங்கைக் குறைத்துப் போட்டு ஏமாற்றுகிறார் என்று புகார் கொடுக்கலாமா?

பதில்: தொடக்கூட முடியாத சர்வ் போடுகிறவரிடம் எட்டு கேம் எப்படி எடுத்தீர்கள்? உங்களைக் கிண்டல் செய்யவில்லை. சந்தேகம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

லீகில் ஆட்டத்திறனை அளக்கும் என்.டி.ஆர்.பி. ரேட்டிங் நம் கண்ணுக்குத் தெரிவது 3.0, 3.5, 4.0 என்று அரை அரையாக; எண் ஏற ஏறத் திறமை அதிகம். உள்ளே கணினி இரண்டு தசம இடம் வரை கணக்கு வைத்திருக்கிறது. 3.5 ஆட்டக்காரர் என்றால் அவர் 3.01-இல் இருக்கலாம், 3.50-இலும் இருக்கலாம். ஒரு மேட்ச் முடிந்ததும் இரண்டு பேரின் எண்களையும் கேம் கணக்கையும் பார்த்து அந்த மேட்சுக்கு ஓர் எண் போடும். அதோடு முந்தைய எண்கள் மூன்று வரை சேர்த்து சராசரி எடுக்கும். ஆக, உங்களை 6-1, 6-1 என்று அடித்தால் அவர் எண் எகிறும். 6-4, 6-4 என்றால் அவ்வளவு ஏறாது. தனக்குத்தானே ரேட்டிங் போட்டுக்கொண்டவர் ஒரு வரம்பை மூன்று முறை தாண்டினால் சீசன் நடுவிலேயே தகுதி நீக்கம். இதெல்லாம் தெரிந்தவர் கேம்களை எண்ணித்தான் ஆடுவார்.

அப்படி ஒருவரோடு நானே ஆடியிருக்கிறேன். முதல் செட்டில் 5-1 என்று முன்னால் இருந்தார். அப்புறம் என் சர்வ் கேம் இரண்டிலும் ரிட்டர்னையெல்லாம் பின்வேலிக்கு அனுப்பினார். நடுவில் வந்த அவருடைய கேமில் நாலு டபுள் ஃபால்ட், அதாவது இரண்டு சர்வும் தவறி நாலு பாயிண்டும் எனக்கு. பதற்றத்தில் டபுள் ஃபால்ட் போடுகிறவன் இரண்டாவது சர்வைத் தள்ளித்தான் விடுவான். பந்து நெட்டின் வெள்ளைப் பட்டையில் தட்டி விழும். இவர் இரண்டாவதையும் முதல் சர்வின் வேகத்திலேயே நெட்டின் அடிப்பாகத்தில் அடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. 5-4 ஆனதும் நாலு சர்வ், நாலு பாயிண்ட். மூன்று என் மட்டையில் படவே இல்லை. இரண்டாவது செட்டும் இதே கதை, இதே 6-4.

நான் புகார் கொடுக்கவில்லை. வேண்டுமென்றே கேம் விட்டார் என்று எதை வைத்து நிரூபிப்பது? சுய ரேட்டிங் பற்றிய புகாருக்கு வேண்டியது அவருடைய பழைய வரலாறு. பதிவு செய்யும்போது பள்ளி, கல்லூரி அணியில் ஆடியதுண்டா, தரவரிசையில் இருந்ததுண்டா என்றெல்லாம் கேட்பார்கள். அதில் எதையாவது மறைத்திருக்கிறார் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருந்தால் எழுதிக் கொடுங்கள். சர்வ் வேகமாக இருந்தது என்பது ஆதாரம் ஆகாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கேப்டனாக இருந்த காலத்தில் ஒரே ஒருவர் மேல் புகார் கொடுத்தேன். தலைக்கு மேல் வரும் பந்தை, அதாவது ஓவர்ஹெட்டை, பயங்கரமாக அடிப்பார். விசாரித்தால், பேட்மிண்டன் ஆடி வளர்ந்தவர். பேக்ஹேண்ட் சரியாக வராது, அந்தப் பக்கம் பந்து போனால் சுற்றிக்கொண்டு ஓடுவார், அதை நான் கவனிக்கவே இல்லை. வருடக் கடைசியில் அவருக்கு வந்த ரேட்டிங் 3.5 தான். அடுத்த சீசன் மேட்ச் முடிந்து கை கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

கேள்வி: இருபது வருடம் முன்னால் கல்லூரி அணியில் ஆடினேன். அப்புறம் மட்டையைத் தொடவில்லை. இப்போது ஓர் அணியில் சேரப்போகிறேன். கேப்டன், “கல்லூரி விஷயத்தை எழுதாதீங்க, 3.0 போட்டுடுங்க” என்கிறார். உடம்பும் அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. போடலாமா?

பதில்: போடாதீர்கள். உடம்பு 3.0 ஆக இருக்கலாம், கை அப்படி இருக்காது. மூன்று மாதம் ஆடினால் பந்து தரையில் படுமுன் அடிக்கும் பழைய வாலி ஷாட் தானாகத் திரும்பி வரும், அப்போது மாட்டப்போவது நீங்கள். கேப்டனுக்குக் கோப்பை, உங்களுக்குத் தகுதி நீக்கம். பெரும்பாலான மோசடி கோர்ட்டில் நடப்பதில்லை, இப்படிப் படிவம் நிரப்பும்போதுதான் நடக்கிறது. அதுவும் ஆட்டக்காரரைவிடக் கேப்டனுக்குத்தான் அதில் ஆசை அதிகம்.

உண்மையை எழுதுங்கள். வயதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் குறைந்தபட்ச ரேட்டிங் சொல்வார்கள். அதுவும் அதிகம் என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. கேப்டன் அதற்கும் முகம் சுளித்தால் வேறு அணி பாருங்கள்.

கேள்வி: ஏழு மேட்சில் ஐந்து ஜெயித்தும் 3.5-இலேயே வைத்துவிட்டார்கள். ஒன்பது மேட்சில் தோற்ற என் நண்பர் இறங்கவும் இல்லை. என்ன நியாயம்?

பதில்: யாரை ஜெயித்தீர்கள், என்ன ஸ்கோரில்? உங்களைவிட எண் குறைந்தவரை 7-5, 7-6 என்று ஜெயித்தால் அதிலேயே உங்கள் எண் இறங்கலாம். நண்பர் பலசாலிகளிடம் 6-4, 6-4 என்று தோற்றிருப்பார். கணக்கு அவர் பக்கம்.

கேள்வி: யு.டி.ஆர். என்கிற இன்னொரு ரேட்டிங்கில் 5 என்றால் என்.டி.ஆர்.பி.யில் எவ்வளவு? நானும் மனைவியும் 3.5 தான். யு.டி.ஆரில் மட்டும் ஏன் எனக்கு அதிகம்? வீட்டில் சண்டை.

பதில்: முதல் கேள்விக்கு அட்டவணை போட்டுக் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள். இரண்டும் வேறு வேறு தராசு. என்.டி.ஆர்.பி. ஆண்களை ஆண்களோடும் பெண்களைப் பெண்களோடும் நிறுக்கிறது. யு.டி.ஆர். 1-இலிருந்து 16.5 வரை எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஒரு வருடத்துக்குள் ஆடியதில் கடைசி 30 மேட்ச் வரை எடுத்துக்கொள்ளும். வேர்ல்ட் டென்னிஸ் நம்பர் என்கிற மூன்றாவது ரேட்டிங் இன்னும் வேடிக்கை. அதில் 40-இல் தொடங்கி 1-ஐ நோக்கி இறங்க வேண்டும், எண் குறைந்தால்தான் சந்தோஷம். வீட்டுச் சண்டைக்கு அதைக் காட்டிப் பாருங்கள், அங்கே உங்கள் எண்தான் சின்னது.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் ரேட்டிங் என்ன?

பதில்: 3.5. பதினோரு வருடமாக. நடுவில் ஒரே ஒரு வருடம் 4.0-க்கு ஏற்றினார்கள். அந்த சீசனில் ஒரு மேட்ச் ஜெயித்தேன். எதிரில் ஆடியவருக்கு இரண்டாவது செட்டில் கணுக்கால் பிசகிவிட்டது.