எட்டாவது வரை தனியார் பள்ளி: புதுமைப் பெண் பணம் கிடைக்குமா?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை எனக்கு. மகள் எட்டாவது வரை தனியார் பள்ளி, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. இப்போது சேலத்தில் பி.எஸ்சி. வேதியியல் முதல் வருடம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் பணம் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்குக் கேட்டால், 'ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்கணும்' என்று கல்லூரி ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேஸ் போடலாமா?

பதில்: கேஸ் அப்புறம் இருக்கட்டும். அந்தத் தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்தீர்களா, இல்லை கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஃபீஸ் இல்லாமல் ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் சேர்த்தீர்களா? எல்லாமே இதில்தான் நிற்கிறது.

ஃபீஸ் கட்டியிருந்தால் ஆபீஸில் சொன்னது சரி, விட்டுவிடுங்கள். 25 சதவீத இடம் என்றால் அவர்கள் சொன்னது பாதி விதிதான், ஏனென்றால் அந்த ஒதுக்கீட்டில் எட்டாவது வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கும் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்று திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் எட்டாவதோடு முடிந்துவிடுகிறது, அதற்குமேல் ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்?

சரி, இதை எப்படிக் காட்டுவது? மாற்றுச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். பழைய பள்ளிக்குப் போய், 'பிரிவு 12(1)(சி)-யின் கீழ் சேர்க்கப்பட்டவர்' என்று (அந்த 25 சதவீத ஒதுக்கீட்டைச் சொல்லும் பிரிவு இதுதான்) லெட்டர்பேடில், சேர்ந்த வருடமும் எட்டாவது முடித்த வருடமும் போட்டு, கையெழுத்து, சீலோடு ஒரு சான்று வாங்குங்கள். இழுத்தடித்தால் கல்வித் துறையிடமே கேளுங்கள்; அந்த இடங்களுக்கான ஃபீஸைப் பள்ளிக்கு அரசுதானே கொடுக்கிறது, பெயர் இல்லாமல் பணம் போயிருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

சான்றைக் கல்லூரியில் கொடுக்கும்போது நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் சொன்ன 'முடியாது' எங்கேயும் எடுபடாது. அப்படியும் மறுத்தால் மாவட்ட சமூக நல அலுவலருக்கு மனு, அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். எழுத்தில் மறுத்தால்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது நீங்கள் கேட்ட கேஸ்.

வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடையில்லை, வருமான வரம்பும் கிடையாது. நீங்கள் ஏற்காடு மலையின் மலையாளி பழங்குடி என்றால், பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் தனியாக விண்ணப்பியுங்கள், அதற்கு மட்டும் வருமானச் சான்று வேண்டும். மகள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.