பல்லு வச்ச பிளேன்: வாசகர் கேள்வி பதில்

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சின்ன மாதிரி விமானம் செய்கிறவர்கள் அனுப்பிய கடிதங்களில் இந்த மாதம் நாலு. எல்லாவற்றையும் யாங்கோன் தாம்வேயில் என் மேசைமேல் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். வெளியே மழை விட்டபாடில்லை.

கேள்வி (மோல்மீன் வாசகர்): ஆறு வாரம் உட்கார்ந்து 1/72 அளவில் (அசலில் 72இல் ஒரு பங்கு) ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானம் ஒன்றை முடித்தேன். கடைசியில் லேக்கர் வார்னிஷ் அடித்த அரை மணி நேரத்தில் இறக்கை முழுக்கப் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டியதுதானா?

பதில்: சுரண்டாதீர்கள் தம்பி. பெயிண்டில் கோளாறு இல்லை, காற்றில்தான். லேக்கர் தின்னர் படுவேகமாக ஆவியாகும். அப்படிப் போகும்போது அடித்த இடத்தைக் குளிரவைத்துவிட்டுப் போகும். உங்கள் ஊர் மழை யாங்கோன் மழையைவிடப் பலம். அந்த ஈரம் குளிர்ந்த இறக்கைமேல் பனியாக இறங்கி, காயாத வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கிற வெள்ளை அதுதான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்ட் மாலை என் ஹயபூசாவும் (ஜப்பான் போர் விமானம்) இப்படி வெளுத்தது. மனசு பொறுக்காமல் அன்று ராத்திரியே மேலே இன்னொரு கோட் அடித்தேன். ஈரம் உள்ளேயே பூட்டிக்கொண்டது. பச்சை முழுவதையும் உரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நீங்கள் மூன்று நாள் அதைத் தொடாதீர்கள். மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கிற ஒரு நண்பகலில், தின்னரோடு, காய்வதை மெதுவாக்கும் ரிடார்டர் கொஞ்சம் கலந்து, ஏர்பிரஷ்ஷை (காற்றால் பெயிண்ட் தெளிக்கும் கருவியை)த் தள்ளிப் பிடித்து, மூச்சுக்காற்று படுகிற அளவுக்கு மட்டும் ஒரே ஒரு தடவை ஓட்டுங்கள். படலம் லேசாக இளகும், ஈரம் வெளியேறும், அடியிலிருக்கும் நிறம் திரும்பி வரும். பிரஷ்ஷால் தின்னரைத் தடவிவிடாதீர்கள். கீழே இருக்கும் வண்ணமும் கரைந்து வந்துவிடும்.

வார்னிஷ் வேலையை நவம்பருக்குத் தள்ளிப்போடுவது இன்னும் நல்லது. மழைக்காலத்தில் வெட்டுவது, ஒட்டுவது, புட்டி வைத்துத் தேய்ப்பது என்று வேலைக்கா பஞ்சம்? டீக்கால் தாள்களை (தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற சின்னங்கள் உள்ள தாள்கள்) ஜிப் பையில் போட்டு, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் உள்ளே போட்டு வையுங்கள். ஏற்கனவே மஞ்சள் பாய்ந்த டீக்கால் இருந்தால், பையோடு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டுங்கள். சில வாரத்தில் வெளுக்கும். கரண்டு போய், ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் நின்றுவிட்டால் கலங்க வேண்டாம். பாலைப் போல நீர்க்கக் கரைத்த அக்ரிலிக்கை நல்ல பிரஷ்ஷால் மூன்று கோட் அடிக்கலாம். ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காயட்டும், ஒன்று நீளவாக்கில் என்றால் அடுத்தது குறுக்குவாக்கில் போகட்டும்.

கேள்வி (பெகு வாசகர்): யாங்கோன் மிங்கலாடோன் விமான நிலையத்தில் ஸ்பிட்ஃபயர்களை, அதாவது யுத்தகால பிரிட்டிஷ் போர் விமானங்களை, பெட்டியோடு புதைத்து வைத்திருக்கிறார்களாமே, உண்மையா? எனக்கு ஒரு பர்மா ஸ்பிட்ஃபயர் செய்ய ஆசை.

பதில்: 2013 ஜனவரியில் அங்கே தோண்டியே பார்த்துவிட்டார்கள். விமானம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் உங்கள் ஆசைக்குத் தடையில்லை. மண்ணுக்கு மேலே பறந்தவை நிறைய. யுத்தகால விமானம் என்றால் மார்க் 8 என்ற ரகத்தின் கிட் (பொருத்திச் செய்யும் துண்டுகள் உள்ள பெட்டி) வாங்குங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வட்டச் சின்னத்தில் சிவப்பு வரக்கூடாது. ஜப்பான்காரனின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடக்கூடாது என்பதற்காக இந்தப் பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டு, கருநீலத்துக்கு நடுவே வெளிர்நீலம் வைத்தார்கள். வெள்ளையில் நீலம் ஒரே ஒரு சொட்டு விட்டுக் கலந்தால் போதும். சுதந்திர பர்மாவின் சின்னத்தோடு வேண்டுமென்றால் மார்க் 9 எடுங்கள். 1950களில் இஸ்ரேலிடமிருந்து வாங்கியவை அவை.

கேள்வி (தாக்கேத்தாவிலிருந்து ஒரு தாய்): பத்து வயது மகன் கேட்கிறான். பசை வாசனை கெடுதலா?

பதில்: கெடுதல்தான் அம்மா. அந்தப் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து ஒட்டுவது. அதன் ஆவியை அடைத்த அறையில் பிள்ளை சுவாசிக்கக்கூடாது. பசையே இல்லாமல் அழுத்திப் பொருத்துகிற கிட்டுகள் கிடைக்கின்றன, முதல் இரண்டு வருஷம் அவை போதும். கட்டர் பிடிக்கும்போது நீங்களும் கூட உட்காருங்கள்.

கேள்வி (தன்லின் வாசகி): எங்கள் அப்பத்தாவுக்கு 91 வயது. சின்னப் பிள்ளையாக ரங்கூனில் இருந்தபோது "பல்லு வச்ச பிளேன்" தலைக்கு மேலே போனதைப் பார்த்ததாக இன்றைக்கும் சொல்கிறார். அவருக்கு அதைச் செய்து காட்ட வேண்டும். எதை வாங்குவது? என்ன நிறம்?

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் அம்மா. பலரும் கனவு என்று ஒதுக்கியிருப்பார்கள், ஆனால் அப்பத்தா சொல்வது நடந்த விஷயம். 1941 டிசம்பர் 23ஆம் தேதியும் கிறிஸ்துமஸ் அன்றும் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட வந்தபோது, மிங்கலாடோனிலிருந்து ஏறி எதிர்த்தவை இரண்டு வகை. ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையின் 67ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) ஓட்டிய பஃபலோ. இன்னொன்று சீனாவுக்காகப் பறந்த அமெரிக்கத் தொண்டர் படையின் பி-40 டோமஹாக். பல் இருந்தது அந்த பி-40க்குத்தான். வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் 112ஆம் ஸ்குவாட்ரன் இப்படிச் சுறா வாய் வரைந்திருந்த படத்தைப் பார்த்து இவர்களும் வரைந்துகொண்டார்கள். கையால் வரைந்ததால் ஒன்றின் வாய் மாதிரி இன்னொன்றின் வாய் இருக்காது.

பி-40பி என்று போட்ட கிட் வாங்குங்கள், ஏர்ஃபிக்ஸ் கம்பெனியில் இருக்கிறது. 1/72 வேண்டாம், இறக்கை 16 சென்டிமீட்டர்கூட வராது. 1/48 என்றால் ஏறக்குறைய 24 வரும். 91 வயதுக் கண்ணுக்கு அதுதான் தெரியும். மேல்பக்கம் மண் பழுப்பும் கரும்பச்சையும், வயிற்றுப்பக்கம் வெளிர்சாம்பல். சீனச் சின்னம், அதாவது நீல வட்டத்தில் பன்னிரண்டு முனை வெள்ளைச் சூரியன், இறக்கையின் மேலும் கீழும் வரும். டீக்கால் தாளில் சிறகு வைத்த புலி ஒன்று இருந்தால் ஒட்டாதீர்கள். அது 1942இல் வந்து சேர்ந்தது. அப்பத்தா பார்த்த டிசம்பரில் இல்லை.

வாயை டீக்காலாக ஒட்டாமல் கையால் வரையுங்கள் என்பேன். பென்சிலால் வாயின் எல்லையைக் கோடு போட்டு, உள்ளே முழுக்க வெள்ளை அடியுங்கள். காய்ந்ததும் பல் வரும் இடங்களை வெள்ளையாகவே விட்டு, நடுவே கறுப்பை நிரப்பிக்கொண்டே வாருங்கள். பல்லை வரையாதீர்கள், பல்லுக்கு இடைப்பட்ட கறுப்பை வரையுங்கள். முனை தானாகக் கூராக நிற்கும். நாக்குச் சிவப்பு கடைசியில். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வராவிட்டால் அப்படியே விடுங்கள், அசலிலும் அப்படித்தான்.

இன்னொன்று யோசித்தேன். அப்பத்தா அதை மேசையில் வைத்துப் பார்க்கவில்லை, ஏழு வயதில் அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ணில் பட்டது பழுப்பும் பச்சையும் அல்ல. சாம்பல் வயிறும், இரண்டு வெள்ளைச் சூரியனும், கீழ்த்தாடைப் பல்லும். ஆகவே சக்கரத்தை மடக்கி, கதவை மூடி ஒட்டுங்கள். உள்ளே விமானி பொம்மை உட்காரட்டும். மூக்கில் சுழலும் விசிறியின் இதழ்களை வெட்டிவிட்டு, பிஸ்கட் டப்பா மூடியின் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் வட்டம் வெட்டி வைத்தால் சுற்றுகிற மாதிரியே தெரியும். வயிற்றுப்பக்கத்துக்கு இரண்டு நாள் கூடச் செலவழித்து, இணைப்புக்கோடு தெரியாமல் தேய்த்துவிடுங்கள்.

தூண்டில் நரம்பில் கட்டி, கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் ஜன்னலோரமாகத் தொங்கவிடுங்கள், மூக்கு கொஞ்சம் இறங்கினாற்போல. தலைக்கு நேர்மேலே வேண்டாம், அந்த நாளில் பயந்தவர். மாட்டியதும் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.