விரல் விரிய இடம் இருக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடையில் நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. குதிகால் வலிக்காக 'சீரோ டிராப்' மினிமலிஸ்ட் சப்பாத்து (குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும், மெல்லிய அடி கொண்டது) வாங்கி, மறுநாளே வேலைக்குப் போட்டுப் போனேன். இரண்டாவது வாரத்திலேயே பாதத்தின் மேல்புறம் வலிக்கிறது. எனக்கு இது ஒத்துவராதா?
– வாசகர், செந்தூல்

பதில்: முதலில் அதைக் கழற்றி வையுங்கள். வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தால் அதைத் தசைவலி என்று விட்டுவிடக் கூடாது. கால்விரல்களுக்குப் பின்னால் ஓடும் நீள எலும்பில் மயிரிழை விரிசல் தொடங்கியிருக்கலாம். இது ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. 'படம் சரியாக இருக்கிறது' என்று சொன்ன பிறகும் வலி நீடித்தால் மறுபடி கிளினிக்குக்குப் போங்கள்.

சப்பாத்தைக் குறை சொல்வதற்கில்லை; மாறிய வேகம்தான் தவறு. சாதாரண ஓட்டச் சப்பாத்தில் குதிகால் முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். அந்த உயரத்துக்குப் பல வருடம் பழகிய கெண்டைக்கால் தசை இறுகிப்போயிருக்கும். உயரத்தை ஒரே நாளில் எடுத்துவிட்டால் சுமை முழுவதும் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் முன்பாத எலும்புகளுக்கும் போகிறது. தசை சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும்.

வலி முழுக்க நின்ற பிறகு புதிதாகத் தொடங்குங்கள். 12 மில்லிமீட்டரிலிருந்து நேரே பூஜ்யத்துக்கு இறங்காமல், நடுவில் 4 முதல் 6 மில்லிமீட்டர் உள்ள ஒன்றைச் சில மாதம் போடுங்கள். மெல்லிய சப்பாத்தை முதல் வாரம் மாலை நடைக்கு மட்டும் 15 நிமிடம் போட்டு, வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டுங்கள். தித்திவங்சா ஏரிக்கரை போன்ற சமதளம் நல்லது. காலையில் எழுந்ததும் கெண்டைக்கால் விறைத்திருந்தால் அந்த வாரம் கூட்ட வேண்டாம். சிமெண்ட் தரையில் எட்டு மணி நேரம் நிற்பது கடைசிப் படி. அதற்கு அகலமான, கொஞ்சம் தடித்த அடி இருந்தால் தப்பே இல்லை. மெல்லிய அடியைவிட விரல்கள் விரிய இடம் இருப்பதுதான் எங்கள் கணக்கில் முக்கியம்.

கூடவே தினமும் இரண்டு பயிற்சி. சுவரைப் பிடித்து இரு குதிகாலையும் மெதுவாக உயர்த்தி இறக்குவது, 12 தடவை, இரண்டு சுற்று. மற்ற நான்கு விரலும் தரையில் இருக்கப் பெருவிரலை மட்டும் தூக்குவது, 10 தடவை. இரண்டாவது முதலில் வராது. கையால் தூக்கிவிட்டுப் பழக்குங்கள்.

கேள்வி: ஏழு வயது மகனுக்குத் தட்டைப் பாதம். பள்ளிச் சப்பாத்துக்குள் வளைவைத் தாங்கும் அட்டை வைக்க வேண்டுமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால் அட்டை வேண்டாம். அந்த வயதில் வளைவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. வளைவு தெரியாவிட்டாலோ, வலித்தாலோ, ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தியாவில் 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து 1992இல் வெளியான ஆய்வில், காலணி போட்டவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும் போடாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரலை மூடிய சப்பாத்து போட்டவர்களிடம்தான் அது அதிகம். ஆகவே பள்ளிவிட்டு வந்ததும் சப்பாத்தைக் கழற்றி, வீட்டில் வெறுங்காலோடு ஓடவிடுங்கள்.

கறுப்புச் சப்பாத்து வாங்கும்போது அளவு எண்ணை நம்பாதீர்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், பிள்ளையை நிற்க வைத்து இரு பாதத்தையும் தாளில் வரைந்து வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். உள்ளட்டையை உருவி அதன்மேல் வையுங்கள். தாள் பக்கவாட்டில் வெளியே நீட்டினால் அந்தச் சப்பாத்து வேண்டாம். நீள விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் போதும். 'அடுத்த வருசத்துக்கும் ஆகும்' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால், சப்பாத்து கழலாமல் இருக்கப் பிள்ளை விரலை மடக்கி மடக்கி நடப்பான்.

கேள்வி: சிலிப்பரும் தட்டைதானே, அதுவே போதாதா?
– வாசகர், கெப்போங்

பதில்: பசாருக்குப் போய்வரப் போதும். நீண்ட நடைக்குப் போதாது. பின்னால் பிடிப்பில்லாததால் ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் அதைக் கவ்வ வேண்டியிருக்கிறது. குதிகாலில் வார் உள்ள தட்டைச் செருப்பு வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இனிப்புநீர். பாதம் மரத்திருக்கிறது. வெறுங்கால் நடை நல்லது என்று கேள்விப்பட்டு, பத்துமலைப் படிகளை வெறுங்காலோடு ஏற ஆசைப்படுகிறார். விடலாமா?
– வாசகி, ரவாங்

பதில்: விடாதீர்கள். மரத்த பாதத்துக்கு வெயிலில் காய்ந்த தரையின் சூடும் தெரியாது, குத்திய முள்ளும் தெரியாது. கொப்புளம் புண்ணான பிறகுதான் கண்ணில் படும். 272 படிகளையும் காலணியோடு ஏறலாம். சன்னிதிக்கு முன் மட்டும் கழற்றச் சொல்லி, வெயில் ஏறுமுன் அழைத்துப் போங்கள். அவருக்கு மெல்லிய அடி வேண்டாம்: முன்புறம் அகலமாக, அடி தடிப்பாக, உள்ளே தையல் உறுத்தாததாக இருக்கட்டும். போடுமுன் கையை உள்ளே விட்டுக் கல் கிடக்கிறதா என்று துழாவுங்கள். இரவில் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். கொப்புளம் கண்டால் உடைக்காமல், மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.