உறைப்புக் கறியோடு துவர்க்கும் சிவப்பு வைன்: 8 பேர் விருந்துக்கு என்ன வாங்கலாம்?

நுவரெலியாவில் உறைப்புக் கறியோடு குடித்த கபர்னே சோவிஞோன் என்ற சிவப்பு வைன் ஏன் துவர்த்து எரிந்தது, 8 பேர் விருந்துக்கு எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கோழிக்கறி, ரொட்டி, கட்டச் சம்பல் என்றால் கபர்னே சோவிஞோனை விடுங்கள். இலேசான இனிப்புள்ள ரீஸ்லிங் (வெள்ளை வைன்) அல்லது ரோஸே (இளஞ்சிவப்பு வைன்) எடுங்கள். மதுசாரம் 12 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். சாதாரண விலைப் போத்தலே தாராளம்.

நீங்கள் வாங்கிய போத்தலில் மதுசாரம் 14 சதவீதம். அந்த மதுசாரமும் திராட்சைத் தோலிலிருந்து வரும், துவர்ப்பைத் தரும் டானினும் சேர்ந்துதான் மிளகாய் எரிவைக் கூட்டியிருக்கும். போதாததற்கு நுவரெலியாக் குளிர்: வைன் குளிர்ந்தால் துவர்ப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும்.

மிச்சத்தை வீசாதீர்கள். போத்தலை இளஞ்சூட்டு நீரில் சில நிமிடம் வைத்து, 16–18 பாகை செல்சியசுக்கு வந்ததும் சீஸ் துண்டோடு குடித்துப் பாருங்கள். துவர்ப்பு அடங்கினால் வைனில் பிழையில்லை. நனைந்த கடதாசி அட்டை மணம் அடித்தால் மட்டும் கார்க் மூடியால் வைன் பழுதாகியிருக்கிறது. சூடாக்கினாலும் அந்த மணம் போகாது.

750 மில்லிலீற்றர் போத்தலில் 150 மில்லிலீற்றர்படி 5 கிளாஸ் வரும். 8 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் 4 போத்தல்.

ஒன்று கவனம்: போயா (பௌர்ணமி) தினத்தில் மதுக்கடை திறக்காது, முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். திறந்த போத்தலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரை நன்றாக இருக்கும்.