ஸெலென்காவும் கசப்பும்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிட்ட பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையமைப்பாளர் யான் டிஸ்மஸ் ஸெலென்காவின் டிரையோ சொனாட்டாக்களை ஹைன்ஸ் ஹோலிகர் குழுவினரின் பதிவில் கேட்டேன். பாக் எழுதியது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சில இடங்களில் ஓபோ என்ற ஊதுவாத்தியம் நாயனம் மாதிரியே இருக்கிறது. ஆனால் நிம்மதியாகக் கேட்க முடியவில்லை; முடியப்போகிறது என்று நினைக்கும் இடத்தில் முடிவதில்லை. அரசவை அவரைப் புறக்கணித்ததாகவும், அந்தக் கசப்புதான் இதில் ஒலிப்பதாகவும் ஓரிடத்தில் படித்தேன். அப்படித்தானா? இவரை ஏன் யாருமே பேசுவதில்லை?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

புறக்கணிப்பு நடந்தது உண்மை. ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவையில் இசைத் தலைவராக இருந்த ஹைனிஷன் நோயுற்றிருந்தபோது தேவாலய இசைப் பொறுப்பைச் சுமந்தவர் ஸெலென்கா. 1729-இல் ஹைனிஷன் இறந்தார். பதவியோ ஓபராவில் புகழ்பெற்ற ஹாஸேவுக்குப் போனது. 1733-இல் புதிய மன்னருக்கு ஸெலென்கா விண்ணப்பம் போட்டார். (அதே ஆண்டு அதே மன்னரிடம் பாக்கும் ஒரு பட்டம் கேட்டு எழுதினார். அந்த வாசலில் கூட்டம் அதிகம்.) ஆனால் நீங்கள் கேட்ட ஆறு சொனாட்டாக்களும் 1720-களின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை. வராத அவமானத்துக்கு யாரும் முன்கூட்டியே கசந்துகொள்வதில்லை.

உங்களை நிம்மதியாக விடாதது வேறு. ஸெலென்கா அரசவைக் குழுவில் வயலோன் வாசித்தவர், அதாவது இன்றைய டபுள் பாஸ் வகை. வழக்கமான டிரையோ சொனாட்டாவில் மேலே இரண்டு குரல்கள் பாடும், கீழ்க்குரல் தாங்கிப் பிடிக்கும். இவரிடம் அடியில் இருப்பவருக்கும் ஓய்வு கிடையாது. தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும் ஊதுவாத்தியமான பஸூன் ஓபோக்களிடமிருந்து கருப்பொருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். வாக்கியங்கள் நீண்டுகொண்டே போகும், ஊதுகிறவர் மூச்சு எடுக்க இடமிருக்காது. ஐந்தாம் சொனாட்டாவை மறுபடி கேளுங்கள். மற்றவற்றில் நான்கு பகுதிகள், இதில் மூன்றுதான். விவால்டியின் கான்செர்ட்டோ போல எல்லோரும் ஒரே சுரவரியில் தொடங்குவார்கள். ஓபோக்களை விட்டுவிட்டு பஸூனை மட்டும் பின்தொடருங்கள்.

நாயனம் நினைவுக்கு வந்தது சரிதான். இரண்டுமே சீவாளி வைத்து ஊதுபவை.

ஓபோவில் ஹோலிகர், மோரிஸ் பூர்க், பஸூனில் கிளவுஸ் துனமான் ஆகிய மூவரும் இவற்றை இருமுறை பதிவு செய்திருக்கிறார்கள்: 1970-களின் தொடக்கத்தில் ஆர்கிவ் நிறுவனத்துக்கு, 1990-களின் பிற்பகுதியில் ஈசிஎம்முக்கு. நீங்கள் கேட்டது எதுவென்று எழுதவில்லை. என் ஓட்டு முதலாவதற்கு. பின்னதில் ஒலி அழகு, ஆனால் எல்லோருக்கும் வழி தெரிந்துவிட்டது. முதலாவதில் விழுந்துவிடுவோமோ என்ற பயம் கேட்கிறது. இரண்டிலும் நவீன வாத்தியங்கள்தான் என்று குறைசொல்பவர்கள் உண்டு. இந்த இசைக்கு எனக்கு அது உறுத்தவில்லை.

பேசப்படாததற்குக் காரணம் எளிது. இந்தச் சொனாட்டாக்கள் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1745-இல் அவர் இறந்ததும் கையெழுத்துப் படிகளை அரசவையே வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டது. ஆனால் பாக்குக்கு அவரைத் தெரியும்: தன் தந்தை மதித்த இசையமைப்பாளர்களில் ஸெலென்காவும் ஒருவர் என்று கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அடுத்து கப்ரிச்சியோ என்ற பெயரில் அவர் எழுதிய குழு இசைப் படைப்புகளைத் தேடுங்கள். மொத்தம் ஐந்து. அவற்றில் ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் வாசிப்பவர்கள் படும் பாட்டைக் கேட்டால் பஸூன்காரர் மேல் உங்களுக்கு இரக்கம் குறைந்துவிடும்.