4கே எடிட்டிங்குக்கு 1,80,000 ரூபாயில் கம்ப்யூட்டர்: கடன் வாங்கலாமா?

கேள்வி: வயது 29. கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். நான்கைந்து ஸ்டுடியோக்கள் ஜாப் ஒர்க் தருகிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு 6,000 ரூபாய். முகூர்த்த மாதங்களில் 40,000 ரூபாய்க்கு மேல் வரும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. என்னிடம் இருப்பது 2020-ல் வாங்கிய லேப்டாப்: ஐ5 10300எச், 8 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. இப்போது எல்லாரும் 4கே ஃபுட்டேஜ்தான் தருகிறார்கள். டைம்லைனில் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. புது கம்ப்யூட்டருக்கு 1,80,000 ரூபாய் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். ஒரு நிதி நிறுவனம் 16% வட்டியில் 24 மாதத் தவணைக்குத் தருகிறது. மனைவியின் நகையை அடகு வைத்தால் வட்டி குறையும் என்கிறார் அண்ணன். ஸ்டுடியோக்களிடமிருந்து எனக்கு 64,000 ரூபாய் பாக்கி வர வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: இந்தக் கடனை இப்போது வாங்காதீர்கள். உங்களுக்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதைய சிக்கலை 1,80,000 ரூபாய் இல்லாமலே தீர்க்க வழி இருக்கிறது. அந்தத் தவணையின் அமைப்பும் உங்கள் தொழிலுக்குப் பொருந்தாது.

முதலில் தவணைக் கணக்கைப் பார்ப்போம். 1,80,000 ரூபாய்க்கு 16% வட்டியில் 24 மாதம் என்றால் மாதம் சுமார் 8,814 ரூபாய். மொத்தம் கட்டுவது 2,11,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், அதில் வட்டி மட்டும் 31,500 ரூபாய். மாதச் சம்பளக்காரர் இதைத் தாங்கிவிடுவார். நீங்கள் வருடத்தில் 9 மாதம் சம்பாதித்து 12 மாதத்துக்கான தவணையைக் கட்டுகிறீர்கள். முகூர்த்தம் இல்லாத மூன்று மாதங்களுக்கான பணத்தையும் சீசனிலேயே எடுத்து வைக்க வேண்டும் அல்லவா? அப்படிப் பார்த்தால் சீசன் மாதம் ஒவ்வொன்றிலும் உங்கள் உண்மையான சுமை 11,752 ரூபாய். அதாவது இரண்டு கல்யாணம். கடனுக்கு மட்டுமே மாதம் இரண்டு கல்யாணத்தைக் கூடுதலாக முடித்துக் கொடுக்க வேண்டும்.

அந்த இரண்டு கல்யாணம் வருமா? வேகமான மெஷின் வேலையை வேகமாக முடிக்கும், புது வேலையைக் கொண்டுவராது. நேரம் இல்லாமல் நீங்கள் இதுவரை எத்தனை ஆர்டரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மாதம் மூன்று, நான்கு கல்யாணத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால் என் பதில் வேறு. கேள்வியில் அப்படி எதுவும் இல்லாததால், ஆர்டர் இப்போது இருக்கும் அளவுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரி, டைம்லைன் ஏன் திக்குகிறது? 4கே என்பதால் மட்டும் இல்லை. இப்போதைய கேமராக்கள் பலவற்றில் எச்.265, 4:2:2, 10 பிட் என்ற அமைப்பில் பதிவு செய்ய முடியும். எச்.265 என்பது படத்தை நன்றாகச் சுருக்கி வைக்கிற முறை. 4:2:2, 10 பிட் என்றால் நிற விவரம் கூடுதலாகப் பதிவாகும். சுருக்கியதை விரிப்பது உங்கள் கம்ப்யூட்டர் வேலை. இந்த 4:2:2 வகையை விரிக்க உங்கள் 10300எச் பிராசஸரில் தனி வசதி கிடையாது. அந்த வசதி 11-ம் தலைமுறையிலிருந்து இன்டெலின் உள் கிராபிக்ஸில் வருகிறது. என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. ஆக, கடைக்காரர் பெரிய ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டைப் போட்டு, கூடவே பெயர் முடிவில் 'எஃப்' உள்ள இன்டெல் பிராசஸரைத் தந்தால், 1,80,000 ரூபாய் கொடுத்த பிறகும் அதே ஃபுட்டேஜ் திக்கலாம். 'எஃப்' இருந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். உங்கள் கொட்டேஷனை எடுத்து இந்த ஒரு எழுத்தைப் பாருங்கள்.

ஸ்டுடியோக்காரர்களிடம் பேசிப் பார்க்கவும் செலவில்லை. தாலி கட்டுவது, ரிசப்ஷன் மேடையில் வரிசையாக நிற்பது போன்றவற்றுக்குப் பெரிதாகக் கலர் கிரேடிங் (நிறத்தைத் திருத்தி மெருகேற்றுவது) செய்யப்போவதில்லை. அவற்றை நிற விவரம் குறைவான 4:2:0 8 பிட்டில் எடுத்தால் உங்கள் லேப்டாப்பிலேயே ஓரளவு ஓடும். ஹைலைட்ஸுக்கான அவுட்டோர் ஷாட்டுகளுக்கு மட்டும் 10 பிட் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது பிராக்ஸி. ஒவ்வொரு கிளிப்புக்கும் 720பி அளவில் ஒரு லேசான நகலை சாஃப்ட்வேரே உருவாக்கும். வெட்டுவது, ஒட்டுவது, பாட்டு சேர்ப்பது எல்லாம் அந்த நகலில் நடக்கும். எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒரிஜினல் 4கே ஃபைல் தானாக வந்து உட்காரும். தரம் குறையாது. எடியஸ், பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. ராத்திரி பிராக்ஸி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் வேலையைத் தொடங்கலாம். எக்ஸ்போர்ட்டையும் ராத்திரிக்குத் தள்ளுங்கள். நீங்கள் தூங்கும்போது மெஷின் நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

இதற்கெல்லாம் 8 ஜிபி ராம் போதாது. 16 ஆக்குங்கள், முடிந்தால் 32. கூடவே ஒரு டிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்கைவிட வேகமான சேமிப்பு டிஸ்க்). ஸ்டுடியோ கொடுத்த யுஎஸ்பி ஹார்டு டிஸ்கிலிருந்தே நேராக எடிட் செய்கிறீர்கள் என்றால் திக்குவதில் அதற்கும் பங்கு இருக்கிறது. எடிட்டில் இருக்கும் கல்யாணத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள். ராம், எஸ்எஸ்டி விலை ஏறி இறங்கும், ஆனாலும் 25,000 ரூபாய்க்குள் முடிக்கப் பாருங்கள்.

அந்த 25,000 ரூபாய்க்கும் கடன் வேண்டாம். உங்கள் 64,000 ரூபாய் ஸ்டுடியோக்காரர்களிடம் வட்டியில்லாமல் இருக்கிறது. நீங்கள் 16% வட்டிக்குக் கடன் தேடுகிறீர்கள், அவர்கள் உங்கள் பணத்தில் இலவசமாகத் தொழில் நடத்துகிறார்கள். இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. பழகியவர்கள், கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற தயக்கம் புரிகிறது. பழைய பாக்கியை இரண்டு, மூன்று தடவையாகத் தரச் சொல்லுங்கள். புது வேலைக்குப் பாதி முன்பணம் வாங்குங்கள். முதல் பிரதியை வாட்டர்மார்க் போட்டு அனுப்புங்கள், மீதி வந்ததும் முழு ஃபைல். திருத்தம் இரண்டு தடவை இலவசம், மூன்றாவது தடவை 500 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே போட்டுவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் பத்து தடவை பாட்டு மாற்றச் சொல்வதால் கரையும் நேரத்தை எந்த கிராபிக்ஸ் கார்டும் மீட்டுத் தராது.

4கேவுக்குத் தனி விலையும் வேண்டும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, தலா ஐந்து மணி நேரம் என்றால் ஒரே கல்யாணம் 450 ஜிபி. மாதம் ஏழு கல்யாணம் என்றால் மூன்று டிபிக்கு மேல். இதைச் சேமிக்கும் செலவை எச்டி காலத்து 6,000 ரூபாய்க்குள் நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? ஃபுட்டேஜ் வரும் டிஸ்க் ஸ்டுடியோவுடையதாக இருக்கட்டும், இல்லையென்றால் 4கேவுக்கு 1,000 ரூபாய் கூட்டிக் கேளுங்கள். இரண்டு இடத்தில் நகல் இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

நீங்கள் எந்த சாஃப்ட்வேர் என்று எழுதவில்லை. கிராக் செய்த பிரதி என்றால் விட்டுவிடுங்கள், வைரஸ் வந்து டிஸ்க் பூட்டிக்கொண்டால் ஒரு சீசனே போய்விடும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு 3840 x 2160 அளவில், விநாடிக்கு 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யும். நாய்ஸ் ரிடக்‌ஷன் போன்ற சில வசதிகளுக்கும், விண்டோஸில் 10 பிட் 4:2:2 ஃபுட்டேஜுக்கும் கட்டணப் பதிப்பு வேண்டியிருக்கலாம், அதுவும் 295 டாலர் ஒரே தடவை கட்டினால் போதும். மாதச் சந்தா சீசன் இல்லாத மாதத்திலும் ஓடும் என்பதால் உங்களுக்கு இதுவே நல்லது. ராமைக் கூட்டிய பிறகு, ஆடி மாதம் உட்கார்ந்து பழகுங்கள். வைகாசி நெருக்கடியில் புது சாஃப்ட்வேருக்கு மாறாதீர்கள்.

அண்ணன் சொன்னதில் பாதி சரி. வங்கி அல்லது கூட்டுறவு சங்க நகைக்கடனில் வட்டி பொதுவாக 16 சதவிகிதத்தைவிடக் குறைவு. சீசனில் பணம் வரும்போது பகுதி பகுதியாகக் கட்டவும் முடியும், அதனால் உங்களைப் போன்றவர்களுக்கு மாதத் தவணையைவிடப் பொருத்தம். ஆனால் குறித்த காலத்துக்குள் மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். நாளாக நாளாக விலை இறங்கும் கம்ப்யூட்டருக்காக அதை இப்போது வைக்க வேண்டாம். கடையில் 'நோ காஸ்ட் ஈஎம்ஐ' என்று சொன்னாலும் மயங்காதீர்கள். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி அதில் போய்விடும், கிரெடிட் கார்டு தவணை என்றால் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி வரும், பிராசஸிங் கட்டணமும் இருக்கலாம்.

ஒரு சீசன் இப்படி ஓட்டிவிட்டு, ஆர்டர்கள் கையை மீறினால் கம்ப்யூட்டர் வாங்குங்கள். அப்போது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 'கிஷோர்' பிரிவை வங்கியில் கேளுங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரை, பிணையம் இல்லாமல் தருவார்கள். வங்கி உங்கள் வரவைப் பார்க்கும். அதனால் இன்றிலிருந்தே கூலியை யுபிஐயிலோ வங்கிக் கணக்கிலோ வாங்குங்கள். உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், செய்துவிடுங்கள். உங்கள் வருமானத்துக்கு வரி வராது, ஆனாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள், கடன் கேட்கும்போது அதுதான் சாட்சி. சிறு வியாபாரத்துக்கான உத்தேச வரி முறையில் டிஜிட்டல் வரவில் 6 சதவிகிதத்தை லாபமாகக் காட்டலாம். சினிமா எடிட்டர்களுக்கு இது 50%. கல்யாண வீடியோ எந்தப் பக்கம் வரும் என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த சீசன் முழுக்க ஒரு நோட்டில் நான்கு விவரங்களைக் குறித்து வையுங்கள்: எந்த ஸ்டுடியோ, எத்தனை மணி நேர வேலை, பணம் வந்த தேதி, நேரமில்லாமல் திருப்பி அனுப்பிய ஆர்டர். ஆடி பிறந்ததும் அதை எனக்கு அனுப்புங்கள். எவ்வளவு கடன் கேட்கலாம், எத்தனை மாதத்துக்கு என்று அதை வைத்துச் சொல்கிறேன்.